இரவல் மண்ணில் ஒரு கிளப்

துர்கா பூஜைக்கு முன்னால் கல்கத்தா வசூலுக்குப் போவது எங்கள் குடும்பத்தில் தாத்தா காலத்துப் பழக்கம். பனியன் கட்டுகள் லாரியில் ஏறிப் படாபஜாருக்குப் போய்விடும். பணம் தானாகத் திரும்பி வராது. ஆள் நேரில் போய், கடை கடையாக உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்து, பழைய பாக்கியைப் பேசி வாங்க வேண்டும். தாத்தாவுக்குப் பிறகு சித்தப்பா போகிறார். இந்த முறை நானும் வருகிறேன் என்றதும், "கூட்டத்துல நிக்கோணும், வெயில்ல அலையோணும், பரவால்லியா கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

என்னை இழுத்தது வசூல் அல்ல. திருப்பூர் நல்லூரில், எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் ஒரு பவர்டேபிள் தையல் கூடம் இருக்கிறது. அங்கே ஓவர்லாக் தைக்கும் முர்ஷிதாபாத் பையனுக்கும் பேட்லாக் தைக்கும் நதியா மாவட்டத்துப் பையனுக்கும் ஓயாத வழக்கு. கல்கத்தாவின் கால்பந்துக் கிளப்களில் முன்னவனுக்கு மோகன் பகான், பின்னவனுக்கு ஈஸ்ட் பெங்கால். பீஸ் எண்ணும்போதுகூட விடமாட்டார்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு, பக்கத்து லேஅவுட்டின் ரிசர்வ் சைட்டில் இருவரும் எதிரெதிர் அணியில் ஆடுவார்கள். அவர்களோடு ஒடியாக்காரர்கள், எங்கள் ஊர்ப் பசங்கள் நாலைந்து பேர். கோல்போஸ்ட்டுக்குச் செருப்பு. "அண்ணா, எங்க கிளப் நூத்து முப்பது வருசத்துக்கு மேல பழசு" என்று முர்ஷிதாபாத்காரன் சொன்ன தோரணை என்னை யோசிக்க வைத்தது. பழசு என்றால் முதல் நாள் எப்படி இருந்திருக்கும்? யார் வீட்டில் பேசினார்கள், எங்கே ஆடினார்கள்? அந்த இடங்களைக் காலால் நடந்து பார்க்கத்தான் கிளம்பினேன்.

சேரன் எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து ஹவுரா மெயில். சித்தப்பா பில் புத்தகங்களைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார். இந்த ரயில்பாதைக்கும் திருப்பூருக்கும் உள்ள உறவு பலருக்கு மறந்துவிட்டது. இந்தியாவில் பின்னலாடைத் தொழில் முதலில் காலூன்றியது கல்கத்தாவில்தான்; கிதிர்பூரில் 1893-இல் ஆலை தொடங்கியது. திருப்பூருக்குப் பின்னல் மெஷின் வந்தது அதற்குச் சுமார் முப்பது ஆண்டு கழித்து. ஆரம்பத்தில் கல்கத்தா போய் மெஷினைப் பார்த்து வாங்கி வந்த கதைகளை ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். பிறகு திருப்பூர் பனியனுக்குக் கல்கத்தாவே பெரிய சந்தையானது. இப்போது அந்த வங்காளத்துப் பிள்ளைகளே வண்டியேறி நல்லூருக்குத் தைக்க வருகிறார்கள். பனியன் போன வழியில் பந்தும் வந்திருக்கிறது.

படாபஜாரில் ஒரு கடையின் அகலம் நம்மூர்ப் பெட்டிக்கடையை விடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் உள்ளே போகப் போக மேலே, கீழே, பின்னே என்று சரக்கு. வெள்ளை மெத்தையில் சேட் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்து, குடும்ப நலம் விசாரித்து, மழை நிலவரம் பேசி, அதன்பிறகே பில்லை எடுப்பார். அவருடைய இந்தி பாதி, விரல் பாதி. ஒரு சேட் முழுத்தொகையும் கொடுத்தார். ஒருவர் பூஜைக்குப் பின் என்றார். அந்தப் பேச்சுக்கு நடுவே நான் எழுந்து எம்.ஜி. ரோடு மெட்ரோவுக்கு நடந்தேன்.

ஷோபாபஜாரைத் தாண்டும்போது அந்தப் பெயர் பழைய கிளப் ஒன்றை நினைவூட்டியது. ஷோபாபஜார் கிளப் 1892-இல் டிரேட்ஸ் கோப்பையில் ஈஸ்ட் சர்ரே ரெஜிமெண்டைத் தோற்கடித்தது. வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியை இந்தியர்கள் வென்ற கதை அங்கேயே தொடங்கிவிட்டது. ஆனால் ஊர் மனதில் நின்றது அடுத்த ஸ்டேஷன் பகுதியில் பிறந்த கிளப்.

ஷியாம்பஜார் ஐந்துமுனைச் சந்திப்பில் நேதாஜி குதிரைமேல் இருக்கிறார். அங்கிருந்து சந்துகளுக்குள் நுழைந்தால் வேறு உலகம். பச்சை மரச்சன்னல், இரும்புக் கிராதி வராந்தா, வாசல் திண்ணையில் செய்தித்தாள் படிக்கும் பெரியவர்கள். கல்கத்தாவில் ஒவ்வொரு பகுதியும் ஒரு பாரா. பாராவுக்கு ஒரு பூஜை, ஒரு கிளப், ஒரு கேரம் பலகை. மோகன் பகானும் அப்படி ஒரு பாராவின் கிளப்பாகத்தான் தொடங்கியது. பரியாபுகூர்ப் பகுதியில் கீர்த்தி மித்திரர் என்ற செல்வந்தருக்குத் தோட்டத்தோடு ஒரு பளிங்கு மாளிகை இருந்தது. பெயர் மோகன் பகான் வில்லா. அதன் புல்வெளியில் அக்கம்பக்கத்துப் பையன்கள் பந்து உதைத்தார்கள். அந்தப் பாராவில் செல்வாக்கோடு இருந்த மித்திரர், போஸ், சேன் குடும்பங்கள் பின்னால் நின்றன.

1889 ஆகஸ்ட் 15. பலராம் கோஷ் தெருவில் வழக்கறிஞர் பூபேந்திரநாத் போஸ் வீட்டில் கூடிப் பேசினார்கள். மோகன் பகான் ஸ்போர்ட்டிங் கிளப் பிறந்தது. போஸ் தலைவர், ஜதீந்திரநாத் பாசு செயலாளர், மணிலால் சேன் கேப்டன். அந்தத் தேதி 58 ஆண்டு கழித்து நாட்டுக்கே பெரிய நாளாகும் என்று அவர்களில் எவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. பூபேந்திரநாத் போஸ் நமக்கு அந்நியரும் அல்லர். 1914-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். அரசியல் வரலாறு அவரை அங்கே நினைக்கிறது. நான் அவரை இந்தத் தெருவில், பையன்களுக்குத் தன் வீட்டைத் திறந்துவிட்டவராக நினைக்க விரும்புகிறேன்.

மாளிகை இன்று இல்லை. மோகன் பகான் பெயரில் ஒரு சந்து இருக்கிறது, பின்னாளில் கிளப்பின் கேப்டனான ஷிப்தாஸ் பாதுரி பெயரில் ஒரு தெரு இருக்கிறது. தெருப்பலகைக்குக் கீழே இஸ்திரி போடும் ஒருவர் கரிப்பெட்டியை விசிறிக்கொண்டிருந்தார். வில்லா எங்கே இருந்தது என்று கேட்டேன். அவர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, கையால் காற்றில் ஒரு பெரிய செவ்வகம் வரைந்து காட்டினார். அந்தச் செவ்வகம் முழுக்க இப்போது வீடுகள். அங்கே முதல் ஆட்டம் ஈடன் இந்து ஹாஸ்டல் மாணவர்களோடு நடந்தது.

ஓராண்டு ஆனதும் விழா வைத்தார்கள். வந்திருந்த பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ரோ, இங்கே மீன்பிடிப்பு உண்டா, துப்பாக்கி சுடுதல் உண்டா என்று விசாரித்தார். இரண்டும் இல்லை என்றார்கள். அப்படியானால் அத்லெட்டிக் கிளப் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பெயரை மாற்றிவிட்டார்கள். பையன்களுக்குப் பெயர்மேல் பிடிவாதம் இருக்கவில்லை. அவர்களுடைய கவலை இடம்.

மோகன் பகானின் முதல் பதினைந்து ஆண்டுகளை நான் இடத்தின் வரலாறாகவே படிக்கிறேன். வில்லாவின் புல்வெளியில் தொடங்கியவர்கள் 1891-இல் ஷியாம்புகூருக்குப் போனார்கள்; மகாராஜா துர்காசரண் லாஹா தன் நிலத்தில் ஆட விட்டார். பிறகு நகராட்சி திறந்துவைத்த ஷியாம் ஸ்கொயர். அதுவும் முழுக்கத் தங்களுடையது அல்ல. ஆரியன்ஸ், பாக்பஜார் கிளப்புகளோடு பங்கு. 1900-இல்தான் ‘மைதானம்’ என்றே பெயர்பெற்ற நகரத்து வெட்டவெளிக்கு வந்தார்கள், அங்கேயும் பிரசிடென்சி கல்லூரியோடு பங்கு. ஒருவர் தோட்டம், இன்னொருவர் நிலம், நகராட்சிப் பூங்கா, கல்லூரியோடு ஒரு மூலை. சொந்தமாக ஒரு சதுரஅடி கிடையாது. ஆனாலும் யாரோ ஒருவர் ஒவ்வொரு முறையும் "இங்கே ஆடிக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். கிளப் பிழைத்தது அந்தச் சொல்லால்.

இதை நல்லூரிலிருந்து போனவன் சும்மா கேட்டுவிட்டு வர முடியாது. எங்கள் ஊர் நகராட்சியாக இருந்து 2011-இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. காங்கயம் ரோட்டின் இருபுறமும் சோளக்காடாகக் கிடந்த நிலம் என் கண்முன்னே கம்பெனியாகவும், காம்பவுண்டாகவும், லைன் வீடாகவும் மாறியது. நாங்கள் சிறுவர்களாக ஆடிய களம் ஒவ்வொன்றிலும் இன்று ஷட்டர் இறங்குகிறது. தொழில் வந்ததை நான் குறை சொல்லவில்லை. அந்தத் தொழிலில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. ஆனால் சென்ட் கணக்கில் நிலத்தை விற்றபோது பிள்ளைகளின் கால் ஓட எவ்வளவு வேண்டும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. பெரிய மனைப்பிரிவு போட்டால் பத்து சதவீதம் பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் விட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அப்படி விட்டதுதான் ரிசர்வ் சைட். எங்கள் பக்கத்து ரிசர்வ் சைட்டில் பாதியில் சீமைக்கருவேல், கால்வாசியில் கட்டிங் வேஸ்ட் மூட்டை. மீதியில் அந்தப் பையன்கள் ஆடுகிறார்கள். மழை பெய்தால் வேஸ்ட் துணி ஊறி, பந்து விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஷியாம் ஸ்கொயரைத் தேடிப் போனபோது பந்தல்காரர்கள் பூஜைக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மூங்கிலுக்கும் சுவருக்கும் நடுவே கிடைத்த இடத்தில் பள்ளிச் சீருடையோடு பத்துப் பன்னிரண்டு பேர் ஆட்டம். ஷூ போட்டவன் பாதி, வெறுங்கால் பாதி. பந்து மூங்கில் அடுக்கில் பட்டுத் திரும்பினால் ஆட்டம் தொடரும், அது அவர்களுடைய விதி. பந்தல்காரர் ஒருவர் திட்டிக்கொண்டே பந்தைக் காலால் தள்ளிவிட்டார். நல்ல பாஸ். வயசுக்காலத்தில் ஆடியிருப்பார்.

சனிக்கிழமை மதியம் சேட்கள் கடையைச் சீக்கிரம் கட்டினார்கள். எஸ்பிளனேடில் இறங்கி நடந்தபோது சித்தப்பாவும் கூட வந்தார். கல்கத்தாவுக்கு இத்தனை காலம் வந்தவர் மைதானத்தை டாக்சி சன்னல் வழியாக மட்டுமே பார்த்திருந்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் புல்வெளி. டிராம் தண்டவாளம், மரவரிசை, மேயும் குதிரைகள், அங்கங்கே கிளப்களின் கூடாரங்கள். அவர் நின்று பார்த்துவிட்டு முதல் கேள்வியாகக் கேட்டது: "இந்த எடமெல்லாம் யாரோடதுங்க?"

பட்டாளத்தோடது என்றேன். பிளாசிப் போருக்குப் பின் ஆங்கிலேயர்கள் 1758-இல் புதிய வில்லியம் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள், 1781-இல் முடித்தார்கள். கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக்குக் குறுக்கே எதுவும் நிற்கக்கூடாது என்று கோவிந்தபூர் கிராமத்தைக் காலிசெய்து, காட்டை வெட்டி, வெட்டவெளியாக்கினார்கள். அந்தப் பீரங்கிகள் அதற்குப் பிறகு எந்தப் படையையும் நோக்கிச் சுடவேயில்லை. வெட்டவெளி மட்டும் மிஞ்சியது. இன்றும் அது ராணுவத்தின் பொறுப்பில் இருக்கிறது. கிளப்கள் அனுமதியின் பேரில்தான் இருக்கின்றன. அதனால்தான் எல்லாவற்றுக்கும் கூடாரம் என்றே பெயர். நிலையான கட்டடம் கட்டிக் குடியேற முடியாது. ஒரு பேரரசு தன் பயத்தினால் காலியாக வைத்த மண், அடிமைப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு ஆடுகளமானது. இந்திய வரலாற்றில் இதைவிட எனக்குப் பிடித்த திருப்பம் வேறொன்று இல்லை.

மைதானத்துக்கு வந்தபிறகுதான் மோகன் பகான் வேறு கிளப்பானது. 1900-இல் செயலாளரான சுபேதார் மேஜர் சைலேன் போஸ் பட்டாளத்து ஆள். ஆட்டக்காரர்களுக்கு உடற்பயிற்சியையும் கட்டுப்பாட்டையும் கொண்டுவந்தார். 1904-இல் கூச்பிகார் கோப்பை. அதுதான் முதல் கோப்பை, தொடங்கிப் பதினைந்தாவது ஆண்டில்! பதினான்கு வருடம் வெறுங்கையோடு வீடு திரும்பியிருக்கிறார்கள். அந்தப் பதினான்கு வருடத்தைப் பற்றி யாரும் பாட்டுக் கட்டவில்லை. சந்தா வசூலித்தவர், பந்துக்குக் காற்றடித்தவர், இருட்டியபின் கோல்போஸ்ட்டைத் தூக்கிவந்து வைத்தவர் என்று பெயர் தெரியாத பலர் அதற்குள் இருக்கிறார்கள். என் மரியாதை முதலில் அவர்களுக்கு.

அதன்பிறகு வேகம். 1905-இல் சின்சுராவில் கிளாட்ஸ்டன் கோப்பை இறுதியாட்டம். எதிரே, ஐ.எஃப்.ஏ. என்ற கால்பந்துச் சங்கம் நடத்திய ஷீல்டு போட்டியை அந்த ஆண்டு வென்றிருந்த டல்ஹௌசி கிளப். ஆறுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள், அதில் நான்கு கோல் ஷிப்தாஸ் பாதுரி. 1906, 1907, 1908 என்று டிரேட்ஸ் கோப்பை மூன்று முறை தொடர்ந்து. 1909-இல் ஷீல்டில் ஆடப் போனார்கள். கார்டன் ஹைலேண்டர்ஸிடம் தோற்றார்கள். ஷீல்டை நடத்திய ஐ.எஃப்.ஏ. தொடங்கியதும் 1893-இல்தான், கிதிர்பூரில் பனியன் பின்னத் தொடங்கிய அதே ஆண்டு.

1911 ஷீல்டு எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரிந்தாலும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அந்த ஆட்டக்காரர்கள் யார் என்பது பெரும்பாலும் விட்டுப்போகிறது. கேப்டன் ஷிப்தாஸ், கால்நடைத் துறையில் வேலை. ராஜேன் சேன்குப்தாவும் அபிலாஷ் கோஷும் மாணவர்கள். மன்மோகன் முகர்ஜி பொதுப்பணித் துறை ஊழியர். சுதிர் சாட்டர்ஜி கல்லூரி ஆசிரியர், பின்னாளில் பாதிரியார். பதினொருவரில் பூட்ஸ் அணிந்தவர் அவர் ஒருவர்தான். மற்ற பத்துப் பேரும் வெறுங்கால். மழைக்காலத்துக் கல்கத்தாவில், ஆணி பதித்த பட்டாளத்துப் பூட்ஸுக்கு எதிரே வெறுங்கால்! மிடில்செக்ஸ் ரெஜிமெண்டோடு அரையிறுதி ஒன்றுக்கொன்று என முடிந்து, மறு ஆட்டத்தில் மூன்று கோல் போட்டு இறுதிக்கு வந்தார்கள்.

ஜூலை 29, சனிக்கிழமை. எதிரே ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட். வெளியூர்களிலிருந்து சிறப்பு ரயில்களிலும் படகுகளிலும் வந்து சேர்ந்த கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்குப் பந்து கண்ணில் படவே இல்லை. மரத்தில் ஏறியவன் கீழே இருப்பவனுக்குச் சொல்ல, எண்ணிக்கையை எழுதிப் பட்டம் விட்டு ஊருக்குக் காட்டினார்கள். இரண்டாம் பாதியில் ஜாக்சன் ஃப்ரீகிக்கில் யார்க்ஷயருக்கு ஒரு கோல். ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கையில் ஷிப்தாஸ் சமன் செய்தார். பிறகு அவரே இடப்பக்கமாகப் பந்தை ஓட்டிவந்து அபிலாஷுக்குத் தள்ள, அபிலாஷ் உள்ளே அடித்தார். இந்திய அணி ஒன்று ஷீல்டை வென்றது அதுவே முதல்முறை. இன்றும் அந்தத் தேதிதான் மோகன் பகான் தினம்.

கிளப் வாசலில் ஒரு முதியவர் பச்சையும் மெரூனும் கலந்த பழைய டி-ஷர்ட்டில் நின்றிருந்தார். இப்போது கிளப் பெயரோடு சூப்பர் ஜெயண்ட் என்ற வாலும் சேர்ந்திருக்கிறது. பெரிய நிறுவனத்தின் பணம், வெளிநாட்டு ஆட்டக்காரர்கள். அவர் அதைப் பற்றிப் பெருமையும் பேசவில்லை, குறையும் சொல்லவில்லை. எந்த ஊர் என்று கேட்டார். திருப்பூர் என்றதும் கழுத்துப்பட்டையைப் பிரித்து லேபிளைக் காட்டினார். எங்கள் ஊர்ச் சரக்கு. சித்தப்பா உடனே துணியின் விளிம்பை விரலில் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "பேட்லாக் நல்லா உழுந்திருக்குது தாதா, ஆனா காலர் ரிப்பு கொஞ்சம் லூசு" என்று தமிழிலேயே சொன்னார். முதியவருக்கு என்ன புரிந்ததோ, வாய்விட்டுச் சிரித்து இருவருக்கும் டீ சொன்னார். மண்குடுவையில் டீ. மூன்று பேரும் வேலியோரம் நின்று, உள்ளே ஜூனியர் பையன்கள் கூம்புகளைச் சுற்றிப் பந்து ஓட்டுவதைப் பார்த்தோம். சித்தப்பா பந்தைப் பார்க்கவில்லை, எல்லைக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீளம் எத்தன அடி இருக்கும்?" என்றார்.

திரும்பும் ரயிலில் வசூல் கணக்கை முடித்ததும் அவர் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எங்கள் ரிசர்வ் சைட்டை வரைந்தார். வடக்கே ஓடை, கிழக்கே டிரான்ஸ்பார்மர், மேற்கே காம்பவுண்டு. அளவை அவருக்குப் பாதம் பாதமாகத் தெரியும். பக்கத்து இடத்தை அவர் ஒருகாலத்தில் விலை பேசியவர். பதினொரு பேர் ஆட முடியாது, ஏழு பேர் அணியென்றால் தாராளம் என்று நான் கோடு போட்டுக் காட்டினேன். கருவேலத்தை எடுக்க ஜேசிபி அரைநாள், வேஸ்ட் மூட்டை போட்டவர்களிடம் சொல்லி அள்ளவைப்பது, மாநகராட்சியில் மனு, நாலு கம்பெனிக்காரர் கையெழுத்து என்று ஒவ்வொன்றாக எழுதினார்.

"கவுன்சிலர்கிட்ட நான் பேசிக்கறேன். கோல்போஸ்ட்டுக்கு எத்தன இஞ்சுப் பைப்பு வேணும்னு அந்தப் பையங்கிட்டக் கேட்டுச் சொல்லு. ரெண்டு பேருகிட்டயும் கேளு, அப்பறம் ஒருத்தன் சண்டைக்கு வருவான்."

விஜயவாடா வந்ததும் போன் போட்டேன். பின்னால் ஓவர்லாக் மெஷின் ஓடும் சத்தம். மூன்று இஞ்சு போதும் என்றான் முர்ஷிதாபாத்காரன். நாலு இஞ்சு வேண்டும் என்று பக்கத்திலிருந்து நதியாக்காரன் கத்தினான்.